முன்னுரையை வெட்டுங்கள்: சட்டம் படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

பேராதனையில் கலைப்பீடம் முடித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்கள், ஹற்றனிலோ பதுளையிலோ வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி படிக்கிறவர்கள் என்று சிலர் தங்கள் பயிற்சிக் கட்டுரைகளை என்னிடம் கொண்டுவருவார்கள். தமிழ் நன்றாக இருக்கும், உழைப்பும் தெரியும். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை மூன்றாம் பக்கத்தில்தான் வரும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உயர்தரத்திலிருந்து பட்டம் வரைக்கும் அவர்கள் எழுதியது விடை தெரிந்த ஒருவருக்காக. எவ்வளவு வாசித்திருக்கிறாய் என்று பார்த்துப் புள்ளி போடுகிறவர் அவர். சட்ட எழுத்தை வாசிப்பவருக்கோ இந்த விஷயம் புதிது. மேசையில் வேறு கோப்புகளும் இருக்கும். வாசித்து முடித்ததும் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பெண் 22 ஆண்டும் 9 மாதமும் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றார். வேலை முடியும்போது தொழில் வழங்குநர் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை கிடைக்கவில்லை. தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு எழுது என்பேன். வருகிற முதல் வரைவு பெரும்பாலும் 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதிலிருந்து தொடங்கும். பிறகு லயன், அட்டைக்கடி, மூன்று தலைமுறை வியர்வை. எல்லாம் உண்மைதான். அதை வாசிக்கும் அதிகாரிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் இருக்கிறது. தொழில் வழங்குநரிடம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்தார்களா? இவருக்கு ஐந்து ஆண்டு சேவை பூர்த்தியாகிவிட்டதா? ஆம் என்றால், மாதச்சம்பளக்காரர் அல்லாத தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். 22 ஆண்டுக்கு 308 நாள். மிச்சமுள்ள 9 மாதம் கணக்கில் வராது. கடைசியாகப் பெற்ற சம்பளம் எவ்வளவு, வேலை முடிந்த திகதி எது, அதிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தார்களா? இரண்டு பந்தியில் முடிகிற வேலை. இதில் ‘கிட்டத்தட்ட 23 ஆண்டுகள்’ என்று எழுதினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்வார். மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, நமக்குப் பாதகமான விஷயத்தை மறைப்பது. தோட்டப்புறத்தில் இது பெரும்பாலும் பெயரில்தான் வரும். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. கட்டுரை என்றால் பொருந்தாததை விட்டுவிட்டுப் போகலாம். இங்கே முதல் பக்கத்திலேயே சொல்லி, மூன்று பெயரும் ஒருவரே என்பதற்குச் சத்தியக்கடதாசியை, அதாவது சத்தியம் செய்து எழுதிக் கையொப்பமிட்ட கூற்றை, இணைக்க வேண்டும். சத்தியக்கடதாசியிலும் ‘என்று கருதப்படுகிறது’, ‘அனைவரும் அறிந்ததே’ போன்ற கலைப்பீட வாக்கியங்கள் நுழைந்துவிடும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 181ஆம் பிரிவைப் பாருங்கள். கையொப்பமிடுகிறவர் தன் சொந்த அறிவிலும் அவதானிப்பிலும் இருந்து சாட்சி சொல்லக்கூடியதைத்தான் எழுதலாம். வழக்கு முடியும் முன் செய்கிற இடைக்கால விண்ணப்பங்களில் மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு.

சரி, உணர்ச்சியே கூடாதா என்று கேட்பார்கள். கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கைச் சுருக்கி எழுதச் சொன்னால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நம் பாட்டன் பாட்டிகளின் குடியுரிமை, வாக்குரிமை சம்பந்தப்பட்ட வழக்கு, கோபம் வராமல் இருக்குமா? ஆனால் 1953இல், அப்போது நம் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் முன் இருந்த கேள்வி குறுகியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் ஒரு சமூகத்தின்மீது மட்டும் தகுதியீனம் சுமத்தும் சட்டத்தைத் தடுத்த, அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவை மீறுகின்றனவா என்பதே அது. மீறவில்லை, இவை பிரஜாவுரிமை பற்றிய சட்டங்களே, ஒரு சமூகத்தின்மீது சுமத்திய தகுதியீனம் இல்லை என்றது தீர்ப்பு. ‘வரலாற்றுத் துரோகம்’ என்று தொடங்கும் மாணவர் இந்தக் கேள்வியை எழுதாமலே முடித்துவிடுகிறார்.

என் ஆலோசனை: அந்தத் தீர்ப்பை முதலில் அதன் முழுப் பலத்தோடு எழுதுங்கள், அதை எழுதிய நீதிபதியே ஒப்புக்கொள்ளும்படி. அப்புறம் உள்ளே போங்கள். நேரடியாகத் தடையை மீறாமல், சுற்றுவழியில் அதே விளைவைக் கொண்டுவரும் சட்டமும் செல்லாது போகலாம் என்று அதே தீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் நடைமுறை விளைவை நிரூபிக்க என்ன சான்று வேண்டியிருந்தது? உங்கள் கோபம் வேலைசெய்ய வேண்டிய இடம் அதுதான். அங்கே அதற்குப் பெயரடைகள் தேவைப்படாது.

ஆரம்பத்தில் எழுதிப் பழகுவதைவிட வாசித்துப் பழகுவது முக்கியம் என்பேன். ரியூட்களில், அதாவது வகுப்புகளில் கொடுக்கும் குறிப்புகளில், வரும் வழக்குச் சுருக்கத்தை நம்பாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒன்றை எடுங்கள். நீதிமன்றம் தீர்மானித்த கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியம் வரவில்லை என்றால் தீர்ப்பை இன்னொரு தடவை வாசியுங்கள். வந்துவிட்டால், அதன் கீழே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.