கண்ணாடி மாதிரி தண்ணீர், செத்து மிதக்கும் மீன்

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்மா. நீயே வந்து பாரேன். மீனு மட்டும் தங்க மாட்டேங்குது."

இந்த மாதத்தில் இது நான்காவது வீடு. நாலு வீட்டிலும் கேட்டது கிட்டத்தட்ட இதே பேச்சு என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூப்பிட்டவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பேரனுக்காக மூன்றடித் தொட்டியும் எலெக்ட்ரிக் எல்லோ என்கிற மஞ்சள் மீன் ஏழும் வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் தொட்டி, சாயங்காலமே மீன். இரண்டாவது வாரம் முடிவதற்குள் மூன்று போய்விட்டன. மீதி நாலும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கடையில் கேட்டதற்கு நீல மருந்து ஒரு பாட்டிலும் பெயர் தெரியாத மாத்திரை பத்தும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அது சாகிற சாதி மீன் இல்லை. புதிதாக வளர்க்க வருபவர்கள் "எதை வாங்கலாம்?" என்று கேட்டால், சென்னைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், கரையோரப் பாறை இடுக்குகளில் வாழும் சிக்லிட் குடும்பத்து மீன். அந்த ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 8-ஐ ஒட்டி இருக்கும். நம் போர் தண்ணீரும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்: குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், சோப்பு போட்டால் நுரைக்காது. நாம் திட்டித் தீர்க்கும் அந்தத் தண்ணீர் இந்த மீனுக்குச் சொந்த ஊர் மாதிரி. ஆனாலும் "மீனுக்கு நல்ல தண்ணியா இருக்கட்டும்" என்று இருபது லிட்டர் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றும் புண்ணியவான்கள் உண்டு. வேண்டாம். அதில் இந்த மீனுக்கு வேண்டிய தாது பெரும்பாலும் மிச்சம் இருக்காது.

(ஒரு வேடிக்கை. இதன் அறிவியல் பெயர் லேபிடோகுரோமிஸ் செருலியஸ். செருலியஸ் என்றால் லத்தீனில் நீலம். ஏரியில் இந்த இனத்தின் வெளிர் நீல, வெள்ளை ரகங்களும் இருக்கின்றன. கடைக்கு வருவது மஞ்சள் ரகம்.)

சரி, பெரியவர் வீட்டுக்கு வருவோம். பையில் இருந்து தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் கிட்டை எடுத்து, தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, சொட்டு விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தேன். மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. அவர் குப்பி புல் பச்சையில் நின்றது. "கலர் நல்லாருக்கேம்மா" என்றார். நான் சிரிக்கவில்லை.

"வாரா வாரம் என்ன பண்ணுவீங்க ஐயா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீனை எல்லாம் பக்கெட்டில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லை ஒவ்வொன்றாகப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை மெட்ரோ வாட்டர் குழாயில் வெள்ளையாகும் வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவாராம். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். தெளிவு வேறு, சுத்தம் வேறு. மீன் மூச்சு விட்டாலே செவுள் வழியாக அம்மோனியா வெளியே வரும். மிஞ்சிய தீனி அழுகினாலும் வரும். அதற்கு நிறம் கிடையாது, தொட்டியில் இருக்கும் அளவுக்கு நம் மூக்குக்கும் தெரியாது. குடிக்கிற தண்ணீர் போலத் தெளிந்திருக்கும், மீனுக்கு அதுவே விஷம். இந்த விஷத்தை உடைத்துப் போடுவது பாக்டீரியாக்கள். அவை தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. ஸ்பாஞ்சில், கல்லில், மணலில் ஒட்டிக் குடியிருப்பவை. நீங்கள் 'அழுக்கு' என்று தேய்த்துக் கழுவுகிற அந்தப் பழுப்பு வழுவழுப்புதான் அவற்றின் வீடு. ஞாயிற்றுக்கிழமை அதைக் குளோரின் தண்ணீரில் பிழிந்து எறிந்தால், திங்கட்கிழமை முதல் மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டியதுதான். நீல மருந்து ஊற்றினால் மிச்சம் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் அடி.

இந்த மஞ்சள் மீன் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அம்மோனியாவில் கொல்லுகிற பங்கு பிஎச்சைப் பொறுத்தது. நம் ஊர் வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 ஆனால் ஆறு சதவீதத்தைத் தாண்டும். அதாவது இந்த மீனுக்குப் பிடித்த அதே கடினத் தண்ணீரில், அதே அளவு அம்மோனியா ஒன்பது பத்து மடங்கு கொடூரம். பக்கத்து வீட்டு கப்பி மீன் தாங்கியதே என்று கணக்குப் போடாதீர்கள்.

வாஸ்துப்படி ஈசான மூலையில் வைத்தேன், அப்படியும் சாகிறதே என்று கேட்டவரும் இந்த நாலு பேரில் ஒருவர். மூலை சரிதான் சார், ஸ்பாஞ்சை எந்தக் குழாயில் கழுவினீர்கள்?

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். ஃபில்டரை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள். அந்த பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அப்போதும் மருந்து பாட்டில்களுக்குச் செலவழிக்கிற காசில் முதலில் அம்மோனியா கிட் ஒன்று வாங்குங்கள்.

வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை அப்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே, பக்கெட்டில் இரண்டு முறை அமுக்கி எடுங்கள். சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் திரவம் சேர்த்த பிறகே ஊற்றுங்கள்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர். அதில் ஐந்தாறு மீன், ஆண் ஒன்று, மிச்சம் பெண்ணாக இருந்தால் நிம்மதி. பத்து சென்டிமீட்டர்தான் வளரும், ஆனாலும் சிக்லிட் சிக்லிட்தான். ஒளிய இடம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று துரத்தும். கருங்கல்லைக் குகை போல அடுக்குங்கள். அடிக்கல் தொட்டியின் தரையில் உட்கார வேண்டும், மணல் மேல் அல்ல. மீன் மணலைத் தோண்டும், கல் சரியும். கோல்ட் ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எதையும் இதோடு போடாதீர்கள். ஆட்டு ஈரல், கோழிக்கறி என்று பாசத்தைக் காட்டாதீர்கள், வயிறு உப்பிப் போய்ச் சேரும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சென்னையில் ஹீட்டர் தேவையில்லை, விற்றால் வாங்காதீர்கள்.

பிடிக்காமல் போனால் ஏரியில் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1952-இல் நாட்டுக்குள் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்தான். இன்று அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள்.

பெரியவர் தொட்டியில் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தச் சொல்லி, மறுநாள் என் வீட்டுத் தொட்டி ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொண்டுபோய் வைத்தேன். நாலும் பிழைத்தன.

போன வாரம் மறுபடி அழைப்பு. "ஏம்மா, ஒண்ணு மட்டும் பத்து நாளா சாப்பிடல. தாடை வேற வீங்கிக் கெடக்கு. அந்த நீல மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஊத்தவா?"

"ஐயா, மூடியைக் கூடத் திறக்காதீங்க. அது தாய். முட்டையை வாய்க்குள்ள வச்சு அடைகாக்குது. இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல பட்டினி கிடக்கும், அப்புறம் குட்டியைத் துப்பும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தனை இருக்கும்?"

"பத்தும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம்."

"அப்போ இந்த ஞாயித்துக்கிழமை தொட்டியைக் கழுவவா, வேண்டாமா?"