பொலன்னறுவைக் கல்லும் குளத்து டயற்றமும்

2012 டிசெம்பர் 29ஆம் திகதி மாலை பொலன்னறுவை வானில் ஒரு தீக்கோளம் தோன்றியது. அதன்பின் அரலகன்வில வயல்களில் பொறுக்கப்பட்ட கற்கள், கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊடாகப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவற்றை ஆராய்ந்த குழுவின் முதன்மையாளர், கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க; உயிர் விண்வெளியிலிருந்தே பூமிக்கு வந்தது என்ற கருத்தை பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து பல பத்தாண்டுகளாக முன்வைத்து வந்தவர். கல்லுக்குள் டயற்றங்கள் எனும் நுண்ணிய நீர்வாழ் அல்காக்களின் புதைபடிவ ஓடுகளைக் கண்டதாக 2013 ஜனவரியில் அக்குழு அறிவித்தது.

இப்படியான அறிவிப்பை ஏற்பதற்கு மூன்று விடயங்கள் தனித்தனியே நிறுவப்பட வேண்டும். கல் வானத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அதனுள் இருப்பது உயிரின் எச்சமாக இருக்க வேண்டும். அந்த எச்சம், கல் நிலத்தைத் தொடுமுன்பே அதனுள் இருந்திருக்க வேண்டும். பொலன்னறுவையைப் பொறுத்தவரை இரண்டாவதில் சண்டையே இல்லை, படங்களில் தெரிந்தவை டயற்ற ஓடுகள்தாம். மற்ற இரண்டுந்தான் நிற்கவில்லை.

வயல்களிலிருந்து வந்து சேர்ந்த துண்டுகள் 628 என்றும், அவற்றில் மூன்றை மட்டுமே விண்கல்லாக இருக்கக்கூடியவை எனப் பிரித்தெடுத்ததாகவும், எஞ்சியவை உள்ளூர்க் கற்கள் என்றும் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படித் தெரிவான கல்லும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த, நுண்துளைகள் நிறைந்த கல்லாக இருந்தது. பிரான்ஸில் விழுந்த ஓர்கெய் போன்ற மிக இலகுவான காபன் விண்கற்கள்கூட நீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியுடையவை. மின்னல் தாக்கி உருகிய மண்ணாக அது இருக்கலாம் என்று விமர்சகர்கள் கூறினர். குழு அதை மறுத்து, ஒட்சிசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின், திணிவில் வேறுபட்ட அணுக்களின்) விகிதத்தைச் சான்றாகக் காட்டியது. அந்த முறை உண்மையிலேயே வலுவானது. ஒட்சிசனுக்கு 16, 17, 18 என மூன்று நிலையான சமதானிகள் உண்டு. பூமியில் ஆவியாதல், ஒடுங்குதல், பாறையாதல் எது நடந்தாலும் 17இல் ஏற்படும் மாற்றம் 18இல் ஏற்படுவதன் ஏறத்தாழப் பாதியாகவே இருப்பதால், பூமியின் பாறைகள் எல்லாம் வரைபில் ஒரே கோட்டில் விழுகின்றன. பெரும்பாலான விண்கற்கள் அக்கோட்டிலிருந்து விலகி நிற்கின்றன. ஆனால் மெல்லிய விலகல் ஒன்றை நம்புவதற்கு, வேறு ஆய்வுகூடங்களும் அதே கல்லை அளந்து அதே எண்ணைப் பெற வேண்டும்.

மூன்றாவது வினாவுக்கு வருவோம். இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ ஒரு துளி நீரை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த உயர்தர மாணவருக்கு டயற்றம் அந்நியமானதல்ல. ஒற்றைக்கல அல்காவான அது, தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஓடு கட்டுகிறது. உயிர் போனபின்னும் ஓடு அழியாது. கோடையில் நீர் வற்றும்போது அது அலைகரைச் சேற்றில் தங்கி, காய்ந்து, தூசியோடு பறக்கிறது. மாரியில் வாய்க்கால் நீரோடு வயலுக்குள் போகிறது. குளமும் வயலுமாய் வாழும் வறண்ட வலயத்தில், டிசெம்பர் மாதத்து ஈர வயலில் கிடந்த நுண்துளைக் கல்லுக்குள் நன்னீர் டயற்றம் காணப்படாவிட்டால்தான் வியக்க வேண்டும். மேலும், காணப்பட்டவை பூமியின் நன்னீர் இனங்களையே ஒத்திருந்தன. விக்கிரமசிங்கவின் பார்வையில் அது உறவுக்குச் சான்று. எனக்கோ அதுவே பெரிய தடையாகப் படுகிறது: காபன் விண்கற்களின் தாய்ப்பொருள் ஏறத்தாழ 456 கோடி ஆண்டு பழையது, பூமியில் டயற்றங்களின் புதைபடிவங்களோ 20 கோடி ஆண்டுக்கு அப்பால் தெளிவாகக் கிடைப்பதில்லை.

மாசு எவ்வளவு எளிதாக உட்புகும் என்பதற்கு ஓர்கெய் கல்லின் கதையே போதும். 1864 மே 14இல் விழுந்த அக்கல்லில் ஒழுங்கான வடிவமுள்ள நுண்பொருட்களைக் கண்டதாக 1961இல் க்ளோஸ், நாகி என்ற ஆய்வாளர்கள் அறிவித்தபோது, அவற்றுள் சில நிறமூட்டும்போது உருமாறிய மகரந்தத் துகள்கள் என்று எட்வர்ட் ஆண்டர்ஸ் முதலியோர் காட்டினர். விழுந்த காலத்திலிருந்தே கண்ணாடிச் சாடியில் அடைத்து வைத்திருந்த இன்னொரு துண்டில் கோரையினத் தாவர விதையும் நிலக்கரித் துணுக்கும் கிடைத்தன. யாரோ கல்லை ஈரமாக்கி அவற்றைப் புதைத்து, மேற்புறத்தைப் பசையால் பூசி, வளிமண்டலத்தில் விழும்போது விண்கல்லில் உண்டாகும் உருகிய தோல்போல் காட்டியிருந்தார். அந்தக் குறும்பை ஒரு நூற்றாண்டாக ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை! ஏமாற்று இல்லாத இடத்திலும் இதே கல் பாடம் சொல்லுகிறது. அதன் வெண்ணிற சல்பேற்று இழைகள் சிறுகோளில் ஓடிய நீரின் தடம் எனக் கருதப்பட்டிருந்தன. அருங்காட்சியகக் காற்றின் ஈரப்பதனே அவற்றை உருவாக்கியது எனப் பின்னர் தெரியவந்தது.

அந்தாட்டிக்காவில் 1984இல் கண்டெடுக்கப்பட்ட செவ்வாய்க் கல்லான ஏஎல்எச் 84001, இரண்டாவது வினாவில் இடறியது. 1996இல் நாசாவின் டேவிட் மக்கே குழுவினர் அதில் காபனேற்று உருண்டைகள், மக்னற்றைற்று என்ற இரும்பு ஒட்சைட்டுப் பளிங்குகள், சேதனச் சேர்வைகள், புழுப்போன்ற வடிவங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டினர். அமெரிக்க சனாதிபதி கிளின்டனே அதைப் பற்றிப் பேசினார். அவ்வடிவங்களுள் பல 100 நனோமீற்றரிலும் சிறியவை. தன்னிச்சையாக வாழும் கலமொன்றுக்கு ஏறத்தாழ 200 நனோமீற்றர் விட்டமாவது வேண்டும் என்று நிபுணர் குழு பின்னர் மதிப்பிட்டது. அதன் சேதனச் சேர்வைகள் நீருக்கும் பாறைக்கும் இடையிலான தாக்கங்களாலேயே உருவாகக்கூடியவை என்று 2022இல் ஓர் ஆய்வு விளக்கியது.

சேதனப் பொருள் இருப்பது வேறு, உயிர் இருப்பது வேறு. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த கல்லில் பல பத்து வகை அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் பல பூமியின் புரதங்களில் இல்லாதவை. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இட, வல வடிவங்கள் உண்டு; உயிர் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே பயன்படுத்த, விண்கற்களில் இடமும் வலமும் பொதுவாகச் சமனுக்குக் கிட்டவே இருக்கும். பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவரப்பட்ட மாதிரியில் நமது புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தும், அங்கும் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமன். இது உயிர் இல்லாமலே நடக்கும் வேதியியல். என் மனதுக்கு இதுவே டயற்றக் கதையைவிடச் சுவையானது.

வன்னியில் நாளை ஒரு கல் விழுந்தால் இவையெல்லாம் நடைமுறை விடயங்களாகிவிடும். முதலில் ஓர் எச்சரிக்கை: போர் நடந்த நிலத்தில் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடவே கூடாது, வெடிபொருள் என்ற சந்தேகம் இருந்தால் பொலிசுக்கு அறிவித்து விலகி நிற்க வேண்டும். கல்தான் என்று உறுதியானபின், கிடந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துப் படம் எடுத்து, வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் படாமல் வைக்கலாம். கழுவக்கூடாது, காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது கல்லின் பழைய காந்தப் பதிவை அழித்துவிடும். காலமும் முக்கியம், ஏனெனில் விண்வெளியில் அண்டக்கதிர்கள் கல்லுக்குள் உருவாக்கும் கதிரியக்கச் சமதானிகள் விழுந்த நாள் முதல் தேயத் தொடங்குகின்றன. சோடியம்-22இன் அரைவாழ்வு 2.6 ஆண்டு, மங்கனீசு-54இனது ஓராண்டுக்கும் குறைவு. அவற்றின் காமாக் கதிர்களை உணரியில் எண்ணினால், கல் அண்மையில்தான் வானிலிருந்து வந்ததா என்ற முதலாவது வினாவுக்கு, அதை உடைக்காமலே விடை கிடைக்கும்.