பழவேற்காட்டுக் கரை சிவப்பது ஏன்?

கோடையில் ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடா, சூலூர்பேட்டை பக்கம் போனால், பழவேற்காடு ஏரியின் ஓரம் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடப்பதைப் பார்க்கலாம். அது உமரி. மழைக்காலத்தில் பச்சையாக இருந்த அதே செடிதான். உப்பும் வறட்சியும் ஏற ஏற, பீட்டாசயனின் என்ற நிறமி கூடிச் சிவக்கிறது.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவரும். மே மாத வெயிலில் ஆழமில்லாத நீர் ஆவியாகி, சில இடங்களில் கடலைவிட உப்பு கூடிவிடும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு.

உப்பு மண்ணில் செடி வாடுவது ஏன்? ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் துண்டுகள் நீர் விடும், இல்லையா? வேருக்கும் அதே கதிதான். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகும்.

உமரி இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. உப்பை உள்ளே விட்டு, இலைச் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழ் என்ற பைக்குள் பூட்டிவைக்கிறது. இப்போது உள்ளே உப்பு அதிகம். ஆகவே நீர் வேருக்குள் வரும். பைக்கு வெளியேயும் உப்பைச் சேர்த்தால், அங்கிருக்கும் நொதிகள் கெட்டுவிடாதா? அதனால் அங்கே கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கில்லாத பொருள்களைச் சேர்த்துச் சமன் செய்கிறது. இலை தடித்து நீர் நிறைந்திருப்பதும் உப்பை நீர்க்கச் செய்யத்தான். உமரிக்கீரை சமைப்பவர்கள் தனியாக உப்புப் போடாமல் இருப்பது சரியான பழக்கம்.

சேற்றில் வளரும் அலையாத்தி வகையான வெண்கண்டல் மரத்தின் வழி வேறு. உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். தப்பி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். அப்புறம், சேற்றில் காற்று கிடையாது. அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். ஆகவே சேற்றுக்கு மேலே நிமிரும் குச்சி குச்சியான மூச்சுவேர்களின் துளைகள் வழியே காற்று உள்ளே போகிறது. என்னைக் கேட்டால், இந்தக் கரையின் மிகப் பெரிய அதிசயம் இந்த மரம்தான்.

கடல் பக்கத்து மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லும் அடும்பும் படர்ந்து மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. நெய்தல் நிலப் பாடல்களில் வரும் அதே அடும்புதான்.

இவற்றில் வெண்கண்டல், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நம்பித்தான் இருக்கிறது. அது மணலால் தூர்ந்தால் கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வராது. கோடையில் உப்பு தேங்கி ஏறும். வளர்ந்த வெண்கண்டல் சில காலம் தாக்குப்பிடிக்கலாம். மிதந்து வந்து ஊன்ற வேண்டிய இளங்கன்றுகளால் முடியாது. மீனவர்கள் முகத்துவாரத்தைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்பது மீனுக்காக. கரையில் நிற்கும் வெண்கண்டலுக்கும் தேவை அதேதான்.