டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு முறுக்கு டின். திறந்தால் பழைய துண்டில் சுற்றிய நான்கு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தது. எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைப்பது நல்ல பழக்கம். அந்த விவகாரத்தில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

இந்த வருஷம் இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் காரைக்குடியில் என் கணினி ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தம்பி பெங்களூரில் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஊரோடு வந்துவிட்டார். பழகிப் பார்க்க வாங்கிய பழைய ரேக் சர்வரும் (ஆபீஸ்களில் சட்டத்தில் அடுக்கி வைக்கிற தட்டையான கணினி) கூடவே வந்து வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்துகொண்டது. அந்த ரகத்தில் விசிறிகள் நாலு சென்டிமீட்டர்தான். அத்தனை சின்ன விசிறி காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறிபிடித்துச் சுற்ற வேண்டும். வளவு, அதாவது நடு முற்றம், திறந்து கிடக்கிற வீட்டில் அந்த ஊளை முகப்பு வரை கேட்கும். "மாவு மில்லை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியேப்பா" என்று அப்பத்தா தினமும் சொல்வாராம்.

கரண்ட் கணக்கும் அப்பத்தா பக்கம்தான். சர்வர் சும்மா இருந்தாலே 160 வாட் இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 230 யூனிட். இரண்டு டிஸ்க் போடுகிற சின்ன நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கிற பெட்டி) 30 வாட்டுக்குள் முடித்துவிடும், 43 யூனிட். 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிற நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆகவே சின்னப் பெட்டிக்கு மாறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டிருந்தால் நானே மாறச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி சர்வரை நிறுத்தி, 1ஆம் 2ஆம் டிஸ்க்கை உருவிப் புதுப் பெட்டியில் சொருகியிருக்கிறார். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று திரை கேட்டிருக்கிறது. ஓகே கொடுத்திருக்கிறார்.

"படிக்கலையா தம்பி?"

"படிச்சேண்ணே. எல்லாப் புதுப் பெட்டியும் கேக்குறதுதானேன்னு விட்டுட்டேன். ராத்திரி பூரா விளக்கு மினுங்குச்சு. பழசையெல்லாம் இழுத்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்."

அந்த விளக்கு மினுங்கியதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். புதுப் பெட்டி இரண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்க்கிறது. ஜோடி என்றால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் 1ஆம் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே 2ஆம் டிஸ்க்கின் மேல் எழுதிக்கொண்டே போகும். 4 டெராபைட் டிஸ்க், வினாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் ஏழரை மணி நேரம். தம்பி தூங்கி எழுந்தபோது 2ஆம் டிஸ்க்கில் இருந்த பழசு ஒரு எழுத்து பாக்கியில்லை.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை. சர்வரில் இருந்தது ரெய்டு 5. ரெய்டு என்றால் பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுகிற முறை. நான்கில் எந்த மூன்று கிடைத்தாலும் நான்காவதைக் கணக்குப்போட்டுக் கொண்டுவரலாம். 1ஆம் டிஸ்க்கில் கொஞ்சம்தான் அழிந்திருந்தது. 3ம் 4ம் முழுசு. அந்த நிலையில் என்னிடம் வந்திருந்தால் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

தம்பி காலையில் காப்பி குடித்துவிட்டு 3ஐயும் 4ஐயும் சொருகிப் பார்த்திருக்கிறார்.

"எதுக்குய்யா?"

"அந்த ரெண்டுல இருக்குமோன்னு..."

அதே கதை மறுபடி நடந்து, 3ஆம் டிஸ்க்கில் இருந்தது 4ஆம் டிஸ்க்கின் மேல் ஏறிவிட்டது. இரண்டு டிஸ்க் போன ரெய்டு 5ஐ நானில்லை, யார் வந்தாலும் கட்ட முடியாது. அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. "ரெய்டு போட்டிருந்தேனேண்ணே. அது பேக்கப் மாதிரிதானே?"

இல்லை. மூன்று பேரும் இதையேதான் கேட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டை அழித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருக்கிறவர் பொட்டோடேவா நிற்பார்? ஒரு ஃபோல்டரை நீங்கள் தெரியாமல் அழித்தால் அந்த நொடியே எல்லா டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் பூட்டினால் எல்லாவற்றிலும் பூட்டும். ஐப்பசி இடியில் பவர் சப்ளை வெடித்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கிற எல்லா டிஸ்க்குக்கும் ஒரே கதிதான். திருடன் வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். நான்கு டிஸ்க் இருப்பதால் நான்கு பிரதி இருக்கிறது என்று நினைப்பது, பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருப்பதால் பெட்டகமே இரண்டு என்று நினைப்பது மாதிரி. ஸ்னாப்ஷாட், அதாவது பெட்டி அவ்வப்போது பிடித்து வைக்கிற பழைய நிலை, இருக்கிறதே என்பீர்கள். தெரியாமல் அழித்ததை அது மீட்டுத் தரும், ஒப்புக்கொள்கிறேன். அதுவும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கடை ரங்கூனில் இருக்கும், ஏஜெண்ட் கணக்கெழுதி ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். 1942ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது கடையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஊருக்கு வந்து சேர்ந்திருந்த கணக்கு மரப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. பேக்கப் என்றால் அதுதான்: வேறு ஊர், வேறு பெட்டி, வேறு சாவி.

சரி, சின்னப் பெட்டிக்கு மாறப் போகிறீர்களா? பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். புதுப் பெட்டிக்குப் புது டிஸ்க் வாங்குங்கள். செலவுதான். நான்கு சின்ன டிஸ்க்குக்குப் பதில் இரண்டு பெரிய டிஸ்க் என்றால் சத்தமும் குறையும், சூடும் குறையும். டிஸ்க்கில் எழுதுகிற முறை இரண்டு உண்டு, சிஎம்ஆர், எஸ்எம்ஆர். வாங்கும்போது விவரத்தாளில் சிஎம்ஆர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு டிஸ்க் போய் இன்னொன்றைக் கட்டும்போது அது படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து கேபிள் போட்டு நகலெடுங்கள். வைஃபையில் வேண்டாம். அரை முழத்துக்கு மேல் சுண்ணாம்புச் சுவர் வைத்த வீட்டில் அடுத்த அறைக்கே சிக்னல் தடுமாறும். கிகாபிட் கேபிளில் 8 டெராபைட் போக இருபது மணி நேரம் ஆகும், பொறுங்கள். முடிந்ததும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுகிற சரிபார்ப்பு எண்) வைத்து ஒப்பிடுங்கள். அது தெரியாதென்றால் ஐம்பது ஃபைலையாவது திறந்து பாருங்கள், வீடியோவை நடுவில் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய சர்வரை ஒரு மாதம் அணைத்து மூலையில் வையுங்கள். விற்காதீர்கள். மாதம் கழித்து அதன் டிஸ்க்குகளில் உள்ளதை அழித்து, தனித்தனியாக இன்னொரு பிரதி எடுத்து, பங்காளி வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை அப்படியே மாற்றியே ஆக வேண்டுமென்றால், ரெய்டைக் கட்டியது கார்டா, சாஃப்ட்வேரா என்று முதலில் தெரிய வேண்டும். இசட்எஃப்எஸ், லினக்ஸ் எம்டி மாதிரி சாஃப்ட்வேர் என்றால் வேறு கணினியில் முறைப்படி இறக்கி ஏற்றலாம். கார்டு கட்டியதென்றால் அந்தக் கையெழுத்தைப் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டுதான் படிக்கும். கடையில் வாங்குகிற நாஸ் பெட்டிக்கு அது வெறும் கிறுக்கல், அழிக்கட்டுமா என்றுதான் கேட்கும். சர்வர்களில் வருகிற எஸ்ஏஎஸ் ரக டிஸ்க் என்றால், சாதாரணப் பெட்டிகளில் இருக்கிற சாட்டா துளைக்குள் போகவே போகாது. போகாததை அழுத்தாதீர்கள், ஒருவர் அழுத்தி உடைத்தார்.

இன்னும் சில. சின்னப் பெட்டிதானே என்று தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். சித்திரையில் டிஸ்க் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் எனக்குப் பிடிக்காது. துளைகளுக்கு வலை போடுங்கள். பவர் சப்ளைக்குள் காய்ந்த பல்லியை நான் எடுத்த கணக்கு எனக்கே மறந்துவிட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள், தனி யூபிஎஸ் வாங்கி அதன் யூஎஸ்பி கேபிளைப் பெட்டியில் மாட்டுங்கள், பேட்டரி இறங்கும்போது தானாக அணையும். வெளியூரிலிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். 2022ல் டெட்போல்ட் என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தபோது திறந்து கிடந்த பெட்டிகளைத்தான் தேடிப் பிடித்தது.

திரை ஏதாவது கேட்டால் படியுங்கள். அழியும் என்று இருந்தால் கையை எடுத்துவிட்டு எனக்கோ வேறு யாருக்கோ போன் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பேன். திட்டுவேன், ஆனால் எடுப்பேன். தெரியாமல் ஓகே கொடுத்து விளக்கு மினுங்கத் தொடங்கிவிட்டால் பிளக்கையே பிடுங்குங்கள். பொதுவாக நான் சொல்லாத யோசனை அது.

கோட்டையூர்த் தம்பியின் சர்வரில் ரங்கூன் கடைப் பேரேட்டின் ஸ்கேன் இருந்தது. பேரேடு வீட்டில் இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். அவருடைய ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்ததைத் தன் குரலில் சொன்ன ஒரு மணி நேரப் பதிவும் இருந்தது. ஐயா காலமாகி நான்கு வருஷமாகிறது. நேற்று தம்பி போன் செய்தார். அந்தப் பதிவிலிருந்து நான்கு நிமிஷம் வெட்டி எப்போதோ வாட்ஸப்பில் அனுப்பியது, பினாங்கில் இருக்கிற அத்தையின் போனில் அழியாமல் கிடக்கிறதாம்.