சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபை சொன்னால் என்ன ஆகும்? வன உரிமைச் சட்டம் தரும் அதிகாரம்

"காடு வனத்துறையுடையது, அரசாங்கமே கம்பெனிக்குக் குத்தகை கொடுத்துவிட்டது, இனி நாம் என்ன செய்ய முடியும்?" சுரங்கம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் காட்டோர ஊர்களில் முதலில் எழும் பேச்சு இதுதான். சட்டப்படி பார்த்தால் இது சரியில்லை. சுரங்கக் குத்தகை என்பது மண்ணுக்கு அடியில் கிடக்கும் கனிமத்துக்கு. மேலே நிற்கும் காட்டை அழித்துத் தோண்ட வேண்டுமானால், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காட்டில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த அனுமதியை முடித்துவிட முடியாது. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்.

இந்தச் சட்டம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பட்டாதான். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழுது வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். பழங்குடி அல்லாதவர்கள் என்றால், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாகக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

ஆனால் சுரங்கத்தை எதிர்கொள்ளும் ஊருக்குத் தனிப்பட்டாவைவிடப் பெரிய பலம் சமூக உரிமைகள்தான். தேன், புளி, கடுக்காய், மூங்கில், தெந்து (பீடி) இலை போன்ற சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் உரிமை, மேய்ச்சல் உரிமை, மீன்பிடி உரிமை எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு மேல், காலங்காலமாக ஊர் பாதுகாத்து வந்த காட்டை ஊரே நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை இருக்கிறது. மிகவும் நலிவுற்றவை என்று அரசு பட்டியலிட்ட பழங்குடிகளுக்கு அவர்களின் வாழிடம் முழுவதன் மேலும் உரிமை கோர வழி உண்டு. சட்டத்தின் 5-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தங்கள் வாழிடத்தையும் பண்பாட்டையும் அழிக்கும் எந்தச் செயலிலிருந்தும் அவற்றைக் காக்கும் அதிகாரத்தை மக்களுக்கும் கிராம சபைக்கும் அது கொடுக்கிறது. உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருப்பவையா என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவின் நியம்கிரி மலைதான் பதில். ராயகடா, களாஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் டோங்ரியா கோந்த் மக்கள் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 8,000 பேர். மலையுச்சியில் 7 கோடி டன்னுக்கும் மேல் பாக்சைட் (அலுமினியம் எடுக்கும் தாது) இருக்கிறது. அடிவாரத்தில், லாஞ்சிகரில், வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை. அந்த ஆலைக்காக மலையைத் தோண்ட ஒடிசா சுரங்கக் கழகம் 660 ஹெக்டேர் காட்டைக் கேட்டது. 2010-இல் மத்திய அரசு அமைத்த, என்.சி. சக்சேனா தலைமையிலான குழு ஆராய்ந்து, அங்கே வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருப்பதாக அறிக்கை தந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, முடிவைக் கிராம சபைகளிடமே அனுப்பியது. தனிப்பட்ட உரிமை, சமூக உரிமையோடு மக்களின் பண்பாட்டு, சமய உரிமைகளையும் கிராம சபை பரிசீலிக்கலாம் என்றது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டோங்ரியா மக்களின் தெய்வம் நியம் ராஜா. அவர் குடியிருக்கும் உச்சி, சுரங்கம் தோண்டப்போகும் இடத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகத் தீர்ப்பிலேயே குறிப்பு உண்டு. அவ்வளவு தள்ளித் தோண்டினால் நியம் ராஜாவின் இருப்பிடம் பாதிக்கப்படுமா என்று ஆராயும் பொறுப்பு எந்த நிபுணர் குழுவுக்கும் போகவில்லை, கிராம சபைக்கே போனது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் உள்ள நீதித்துறை அதிகாரியின் பார்வையில் 12 ஊர்களில் சபை கூடியது. ஒரு சிகரம் மட்டுமல்ல, மலை முழுவதுமே எங்கள் நியம் ராஜாதான் என்று மக்கள் எழுந்து சொன்னார்கள். 12 ஊர்களும் சுரங்கத்தை நிராகரித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க 12-ஐ மட்டும் மாநில அரசு தேர்ந்தெடுத்தது நியாயமில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. ஆனால் அந்த 12-இல் ஒன்றுகூடப் பிசகவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. மறுபடியும் கிராம சபை கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, எல்லா ஊருக்கும் இப்படி நடந்துவிடுகிறதா? இல்லை. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் பார்சா நிலக்கரிச் சுரங்கத்துக்காக சால்ஹி, ஹரிஹர்பூர், ஃபதேபூர் ஊர்களின் சம்மதத் தீர்மானங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டன என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். 2021 அக்டோபரில் சுமார் 300 கிலோமீட்டர் நடந்தே ராய்ப்பூர் போய் முறையிட்டார்கள். அதே பகுதியில் காட்பர்ரா என்ற ஊருக்குக் கொடுத்த சமூக உரிமைப் பத்திரத்தை 2016 ஜனவரியில் நிர்வாகம் ரத்தே செய்துவிட்டது. கொடுத்த உரிமையைத் திரும்பப் பறிக்க வன உரிமைச் சட்டத்தில் எந்த வழிமுறையும் சொல்லப்படவில்லை.

அதனால்தான் தீர்மானப் புத்தகம் அத்தனை முக்கியம். சபையில் குறைந்தது பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அப்படி இல்லாத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று வாதாடலாம். என்ன முடிவெடுத்தோம் என்பதை அங்கேயே எழுதி, எல்லோருக்கும் புரிகிற மொழியில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வெற்றுத் தாளில் வைக்கவே கூடாது. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு மூடிவிடுங்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வருகைப் பதிவேட்டில் வைத்த கையெழுத்து, பின்னால் சம்மதக் கையெழுத்தாகிவிடக் கூடாது.

உரிமைக் கோரிக்கையை, கம்பெனி ஆட்கள் அளக்க வருவதற்கு முன்பே போட்டு வைப்பது நல்லது. தனி நிலத்துக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்கு பி, சமூக வன வளத்துக்கு சி. கிராம சபை தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு சரிபார்க்கும். சபை தீர்மானம் போட்டு, கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பும். அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். கிராம சபையின் அல்லது உட்கோட்டக் குழுவின் முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் அடுத்த குழுவிடம் முறையிடலாம். ஆதாரம் என்றால் பத்திரம்தான் என்று பயப்பட வேண்டாம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பழைய வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, கோயில், ஊர்ப் பெரியவரின் எழுத்துமூல வாக்குமூலம் எல்லாம் விதிகளில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் போதும். குறிப்பிட்ட ஒரு காகிதம் இருந்தால்தான் ஏற்போம் என்று அதிகாரி சொல்லக் கூடாது.

2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தன. 2009 முதல், மத்திய அரசு இறுதி அனுமதி தருவதற்கு முன்பே கிராம சபையின் சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. இப்போது மத்திய அரசு முதலில் இறுதி அனுமதி தந்துவிடும். வன உரிமையைத் தீர்ப்பது, அதன்பின் நிலத்தை ஒப்படைக்கும் மாநில அரசின் வேலை. கம்பெனி பணமும் கட்டி முடித்த பிறகு ஊரைப் பார்த்து "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? தேசியப் பழங்குடியினர் ஆணையமே இதை எதிர்த்தது. ஆனாலும் 4(5), 5 பிரிவுகள் அப்படியேதான் இருக்கின்றன. விதியால் சட்டத்தை மீற முடியாது.

பழங்குடியினரின் வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் குற்றம். வன உரிமைச் சட்டத்தின் சொந்தத் தண்டனை வெறும் 1,000 ரூபாய் அபராதம் என்பதால், இந்த வழியை மறந்துவிடக் கூடாது. சுரங்கம் ஏற்கெனவே ஓடும் மாவட்டங்களில் மாவட்ட கனிம அறக்கட்டளையின் பணம், குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் வர வேண்டும். சுரங்கக் கம்பெனி அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல், அதில் 10 அல்லது 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அதற்குத் தர வேண்டும். அந்தப் பணத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டால், இரண்டும் வேறு வேறு என்று சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில், அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் இல்லை. அதனால் அப்படிப்பட்ட பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டம் இங்கே பொருந்தாது. வன உரிமைச் சட்டம் பொருந்தும், நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் கொல்லிமலையிலும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருப்பதால், வாழிட உரிமையும் கோரலாம். படிவங்கள் கிடைக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இலவசமாகக் கொடுப்பது உட்கோட்டக் குழுவின் கடமை.