பட்டறையில் ஒரு செம்புத் துண்டு

சென்ற மாதம் பாதுகாப்பு ஆய்வுக்குப் போன ஒரு வெல்டிங் பட்டறையில், அசிட்டிலீன் போகும் சிவப்பு ஓஸ் நடுவில் விரிசல் விட்டிருந்தது. விரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று அங்குலச் செம்புக் குழாயைச் செருகி, இரு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி கூட எழவில்லை.

"பத்து மாதமாக ஓடுகிறது சார், ஒரு கசிவு கிடையாது" என்றார் மேஸ்திரி.

பத்து மாதம் என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கசிவு இங்கே பிரச்சினையே இல்லை. அசிட்டிலீனும் செம்பும் நாள்கணக்கில் உரசிக்கொண்டு கிடந்தால், குழாயின் உள்சுவரில் செம்பு அசிட்டிலைடு படியும். ஈரமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். காய்ந்துவிட்டால் ஒரு தட்டல், ஓர் உரசல் போதும், வெடிக்கும். வால்வை மூடச் சொல்லி, அந்த ஓஸை அப்படியே ஒதுக்கவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். உலுக்கிப் பார்க்கவோ உளியால் சுரண்டவோ யாரையும் விடவில்லை.

பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பின் கரைசலில் எத்தைனைச் (பாடப்புத்தகத்தில் அசிட்டிலீனுக்குப் பெயர் அதுதான்) செலுத்தினால் சிவப்பு வீழ்படிவு வரும் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்திருப்போம். அந்த வீழ்படிவும் மேஸ்திரியின் குழாய்க்குள் படிவதும் ஒன்றே. முப்பிணைப்புக் கார்பனில் நேராக ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் கழன்று, அந்த இடத்தில் செம்பு உட்காருகிறது. எத்தைனின் அடுத்த உறுப்பான புரோப்பைனிலும் ஒரு முனையில் அந்த ஹைட்ரஜன் இருப்பதால், அதுவும் இதே வேலையைச் செய்யும். வெள்ளியோடும் அப்படியே. அதனால்தான் அசிட்டிலீன் இணைப்புகளுக்கு இரும்போ, செம்பு குறைவான பித்தளையோ பயன்படுத்துகிறோம். செம்பு 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எச்சரிக்கையான கணக்கு.

"அப்படியானால் வெல்டிங் டார்ச் முனை செம்பில்தானே இருக்கிறது?" என்று உடனே கேட்டார் மேஸ்திரி. நல்ல கேள்வி. முனைக்குள் வாயு தங்குவதில்லை, வேலை நேரத்தில் மட்டும் ஓடி வெளியேறி எரிந்துவிடுகிறது. ஓஸில் அது இரவெல்லாம் தேங்கிக் கிடக்கிறது. ஏசி மெக்கானிக் செம்புக் குழாயை வெளியிலிருந்து தீயால் பற்றவைப்பதிலும் இந்த ஆபத்து இல்லை. செம்புக்கு உள்ளே வாயு தேங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதுவரை அசிட்டிலீன், புரோப்பைன் இரண்டு வாயுவும் ஒரே சாதி. பிரிவது இதற்குப் பிறகு.

அசிட்டிலீன் எரிய ஆக்சிஜன் வேண்டும். வெடிக்க அதுகூட வேண்டாம். கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் தானே சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்தால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 8.7 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். புரோப்பைனுக்கு அது 4.6 அளவில்தான். ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். ரெகுலேட்டரில் அசிட்டிலீன் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) மேல் ஏற்றாதே என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான்.

பிறகு எப்படி அதைச் சிலிண்டரில் அடைக்கிறார்கள்? வாயுவாக அடைப்பதில்லை. உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருள், அதில் ஊறிய அசிட்டோன் என்ற திரவம், அந்த அசிட்டோனில் கரைந்த அசிட்டிலீன். இந்த நிரப்புபொருளை 1906இல் நம்பகமாகச் செய்துகாட்டியவர் சுவீடனின் குஸ்தாவ் தாலேன். கலங்கரை விளக்கங்களுக்காகப் பாடுபட்டவர்; 1912இல் அசிட்டிலீன் சோதனை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து பார்வையை இழந்தார். அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இந்தச் சிலிண்டரைப் படுக்கவைத்துத் திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் வந்துவிடும். ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்த கையோடு திறப்பவர்களை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

புரோப்பைனுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அதன் கொதிநிலை மைனஸ் 23 டிகிரி. சமையல் எரிவாயுவைப் போல அழுத்தினால் திரவமாகிவிடும். தூய நிலையில் அதிக அழுத்தத்தில் அதுவும் சிதையக்கூடியது என்பதால் புரோப்பாடையீன், புரோப்பேன் போன்றவற்றோடு கலந்து 'மாப்' வாயு என்று விற்றார்கள். ஆக்சிஜனோடு அதன் சுடர் 2,900 டிகிரி வரை போகும். அசிட்டிலீன் 3,100ஐத் தாண்டும். அசல் மாப் வாயுவின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008இல் நின்றுவிட்டது. ஏசி மெக்கானிக்குகள் பையிலிருக்கும், ஏறக்குறைய அதே பெயர் தாங்கிய மஞ்சள் குப்பியில் இப்போது இருப்பது பெரும்பாலும் புரோப்பிலீன் என்ற வேறு வாயு. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளடக்கத்தைப் படியுங்கள்.

இன்னொரு வித்தியாசம் கசியும்போது தெரியும். அசிட்டிலீன் காற்றைவிடச் சற்று லேசானது. கசிந்தால் மேலே போய்க் கூரையடியில் சேரும். புரோப்பைனும் புரோப்பிலீனும் கனமானவை. தரையோடு ஊர்ந்து, வண்டி பழுது பார்க்கும் குழியில் இறங்கி உட்காரும். காற்றில் 2.5 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அசிட்டிலீன் பற்றிக்கொள்ளும். புரோப்பைன் 12 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு திறப்பு, இரண்டும் வேண்டும். அந்தப் பட்டறையில் இரண்டுமே அட்டைப்பெட்டிகளால் அடைபட்டிருந்தன.

புறப்படும்போது மேஸ்திரியின் உதவிப் பையன் ஒரு சந்தேகம் கேட்டான்: சிலிண்டரின் உடம்பு சுட்டால் என்ன செய்வது? தொடாதே, நகர்த்தாதே, எல்லோரையும் வெளியேற்று, தீயணைப்புத் துறைக்குச் சொல் என்றேன். அசிட்டிலீன் சிலிண்டர் ஒருமுறை தீயில் சூடேறிவிட்டால், வெளியே தீ அணைந்த பிறகும் உள்ளே சிதைவு மணிக்கணக்கில் தொடரலாம். தூரத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அவன் தலையாட்டிவிட்டு, ஜன்னலை அடைத்திருந்த முதல் அட்டைப்பெட்டியை இழுத்து இறக்கினான்.