துணை சுகாதார நிலையச் செவிலியர் மாத்திரை தரலாம். அவர் எழுதும் சீட்டு கடையில் செல்லாது

அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர், துணை சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதால், அங்கிருந்த செவிலியர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்த பெயரோடு தேன்கனிக்கோட்டைக்குப் பேருந்தேறினார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் செய்ததில் தவறில்லை. செவிலியரும் நல்லெண்ணத்தில்தான் எழுதினார். அன்றைய கூலி போனது பெரியவருக்கு மட்டும்தான்.

விதி இதுதான். 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் எச் பட்டியலில் உள்ள மருந்துகளை (அம்லோடிபின் அதில் ஒன்று) பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டுக்கு மட்டுமே கடையில் விற்கலாம். அதே விதிகளின் கே பட்டியல், அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ் துணை சுகாதார நிலையச் செவிலியர் மருந்து வழங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஒரே மாத்திரை, அவர் கையால் தந்தால் சட்டப்படி சரி. அவர் கையால் எழுதினால் வெறும் காகிதம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5.8.2021 அன்று நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ஆனாலும் திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டு போனாலே மாத்திரை வரத் தொடங்கிவிடும் என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். அது பரிசோதனை மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்து, நோயை உறுதி செய்து, மருந்தும் அளவும் எழுதிய பிறகுதான் இடைநிலை சுகாதாரப் பணியாளராக உள்ள செவிலியர் அதைத் தொடர்ந்து வழங்க முடியும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ மீண்டும் மருத்துவரிடமே போக வேண்டும். அந்த முதல் சீட்டைத் தொலைத்தவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அதைப் படம் எடுத்து வீட்டில் ஒருவரின் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் காலி மாத்திரை அட்டையைக் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், காலி அட்டை சீட்டு ஆகாது.

மருந்து இருப்பு இல்லாத நாளில்தான் அலைக்கழிப்பு தொடங்குகிறது. துணை நிலையத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால், உங்கள் பெயர் துணை நிலையப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கேயே வாங்குங்கள் என்பார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர் மலைப்பாதை இருப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முதல் இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரிடம் இணைக்கும்படி செவிலியரைக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, அதில் மருத்துவர் தரும் சீட்டு கடையில் செல்லும். நெட் கிடைக்கவில்லை என்றால், மருந்து இல்லை என்பதையும் தேதியையும் உங்கள் சிகிச்சை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த இடத்தில் உங்களைத் திருப்பி அனுப்புவது கடினம்.

இனிச் செவிலியர்களுக்கு. பொறுப்பேற்க அவர்கள் தயங்குகிறார்கள் என்று சொல்பவர்கள், பிரசவத்தில் வலிப்பு வந்த பெண்ணுக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியைப் போட்டுவிட்டு 108க்காகக் காத்திருக்கும் செவிலியரைப் பார்த்ததில்லை. 2021இல் வெளியான புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மருந்து பரிந்துரைத்தலின் அடிப்படைகள் 20 மணி நேரப் பாடமாகவே வந்துவிட்டது. படிக்கச் சொல்வார்கள், தேர்வும் வைப்பார்கள், எழுத மட்டும் உரிமை தர மாட்டார்கள். ஆகவே இந்தப் பாடமோ, ஆறு மாத சமூக சுகாதாரச் சான்றிதழோ சீட்டு எழுதும் உரிமம் என்று தயவுசெய்து எண்ணிவிட வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன் 32ஆம் பிரிவு, சமூக சுகாதார வழங்குநர் என்பவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடமளிக்கிறது. அது தனி உரிமம், உங்கள் செவிலியர் மன்றப் பதிவு அதற்கு ஈடாகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வாய்மொழி உத்தரவு. "டாக்டர் போனில் சொன்னார்" என்பது எல்லாம் நல்லபடியாக முடியும் வரைதான் செல்லும். கோளாறு நேர்ந்தால் மெமோ உங்கள் பெயருக்குத்தான் வரும். அழைத்த நேரம், மருத்துவர் பெயர், மருந்து, அளவு ஆகிய நான்கையும் அப்போதே பதிவேட்டில் எழுதி, அவர் அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.

மருந்து வராதது தொடர்ந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் பதிவு செய்யலாம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் செவிலியர் மீது குறை எழுதாதீர்கள். எழுதினால் விசாரணை அவரோடு முடிந்துவிடும், மாத்திரை வராது. துணை நிலையத்தின் பெயர், மருந்தின் பெயர், இல்லாத தேதிகள் இவற்றை மட்டும் எழுதி, மனு ரசீதை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.